பிமென்டெல் வீட்டுச் சம்பந்தம்

"கீழேயே நிக்கச் சொல்லு. மாடிக்கெல்லாம் ஏற வேண்டாம்" என்றார் லொரென்சோ பிமென்டெல்.

ஆப்பிரிக்காவின் லாகோஸ் நகரில், பிரேசிலிலிருந்து திரும்பி வந்தவர்கள் குடியிருந்த பிரேசில்காரர் தெருவின் பெரிய கொத்தனார் அவர். பெண் கேட்டு வந்திருந்தவர்கள் தச்சன் ஃபடய்ரோவும் அவன் அம்மா ஓயெலாதுனும். அந்த மாடிப்படியை இழைத்ததே ஃபடய்ரோதான். வேலைக்கு ஆயிரம் தடவை ஏறலாம்; சம்பந்தம் பேச ஏறக்கூடாது. மகள் இசவுரா அப்பாவின் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த வேக்காட்டிலும் கம்பளிக் கோட்டு மாட்டியிருந்த லொரென்சோ, பால்கனியிலிருந்து கேட்டார்: "குடும்பப் பேர் என்ன?"

ஓயெலாதுன் ஏழு தலைமுறை சொன்னாள்.

"கதை கேக்கல. பேர் கேட்டேன். எங்களுக்கு பிமென்டெல்னு இருக்குல்ல, அந்த மாதிரி."

"அது எங்கே கிடைச்சுதுங்க ஐயா?"

"பிரேசில்ல, பாயியாவுல பெரிய கரும்புத் தோட்டத்து முதலாளி பேரு. காட்டுச் சனத்துக்கு என்ன தெரியும்!"

இவரை அடிமைச் சந்தையில் விலைக்கு வாங்கி, ஓடப் பார்த்ததற்கு முதுகுத் தோலை உரித்தவனின் பேர் அது. அதைப் பித்தளையில் பொறித்து வாசலில் மாட்டியிருக்கிறார். வெட்கங்கெட்ட பெருமை. அடிமைகளாய் இருந்து விடுதலையாகித் திரும்பியவர்களின் அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் இதே கதைதான்.

ஓயெலாதுன் அண்ணாந்து பார்த்தாள். "கன்னத்துல பூசின பவுடரு வேர்வையில கரையுதுங்க. அடியில இருக்குறது ஓவு ஊர்ல சின்னப்புள்ளைக்குப் போடுற குலக் கீறல். எங்க பக்கத்துத் தெருவே ஓவுக்காரங்கதான், எனக்குத் தெரியாதா?"

அந்தக் குலத்தின் புகழ்பாட்டை எடுத்தாள். யானைக்கு வழிவிடாத வேடனின் பேரனே, எழுந்திரு... பத்து வயதில் ஊர் எரிந்து லொரென்சோ பிடிபடும்வரை, அவர் அம்மா தினமும் காலையில் பாடி எழுப்பிய பாட்டு. பெரியவர்களை வணங்குவதுபோல லொரென்சோவின் முழங்கால் தானாக மடங்கியது. ஒரு நொடிதான்.

"வாயை மூடுடி! வெளியே போங்க!"

இசவுரா படியிறங்கினாள்.

"இறங்கினா இந்தப் பேரு உனக்கு இல்ல!"

"யாரு பேரு, தோட்டத்து முதலாளி பேரா? நீங்களே வெச்சுக்குங்கப்பா."

கஞ்சி போட்ட கவுனோடு புழுதியில் மண்டியிட்டு ஓயெலாதுனை வணங்கினாள். "அம்மா, பாதியில நிறுத்திட்டீங்க. அது எனக்கும் சேருமில்ல?"

"சேராம? நீ அந்த ரத்தம்தானே தாயி."

"அப்ப உங்க வீடு வரைக்கும் பாடிக்கிட்டே வாங்க. சத்தமா."

ஃபடய்ரோ வழிவிட்டு நின்றான். இரு பெண்களும் நடந்தார்கள். மெண்டோன்சா வீடு, பஸ்தோஸ் வீடு, சிகேரா வீடு எனப் பிரேசில்காரர் தெரு முழுக்க, பாட்டு நெருங்க நெருங்க, ஒவ்வொரு ஜன்னலாக அறைந்து சாத்தப்பட்டது.