கண்ணாடி அறையில் சொன்ன சம்பளம்

எனக்குக் கோபம் வந்தால் பல்லைக் கடிக்கும் பழக்கம் உண்டு. பல் செட் செய்யும் லேபில் பதினான்கு வருடமாக வேலை பார்ப்பவள் அப்படிச் செய்யக் கூடாதுதான். கடித்துக் கடித்தே தேய்ந்துபோன பற்களின் அச்சு எத்தனையோ என் கை வழியாகப் போயிருக்கிறது. ஆனால் போன வாரம் நடந்ததைக் கேட்டால் நீங்களும் கடிப்பீர்கள்.

எங்கள் லேபில் மூன்று பேர். டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து மெழுகில் பல்லை வடிப்பவள் மெழுகு அக்கா. செய்து முடித்ததை மோட்டாரில் தேய்த்துப் பளபளப்பாக்குபவர் பாலிஷ் அண்ணன். நடுவில் நிறம் பார்த்து, கடி பார்த்து, புதுப் பல்லைப் பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போக வைப்பவள் நான். என் பல்லை வாயில் மாட்டிக்கொண்டு போனவர்கள் யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. நாங்கள் வேலை செய்யும் மேடைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி அறை, அதற்குள் முதலாளி.

வருடத்துக்கு ஒரு தரம், கணக்கு முடிந்ததும், முதலாளி எங்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடுவார். கதவைச் சாத்துவார். வெளிக்கடையிலிருந்து டீ வரவழைத்துத் தருவார். பிறகு குரலைத் தாழ்த்தி, எவ்வளவு ஏற்றியிருக்கிறார் என்று சொல்வார்.

"உனக்கு மட்டும்தாம்மா இது. மத்தவங்களுக்குத் தெரிஞ்சா வயிறெரிவாங்க. வெளிய மூச்சு விடாத."

நான் விட்டேனா? வெளியே வரும்போதே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவேன், ஒன்றும் கிடைக்காதவள் மாதிரி. மெழுகு அக்காவும் அப்படித்தான் வருவாள், பாலிஷ் அண்ணனும். ஐயோ பாவம், இவர்களுக்கு நிஜமாகவே ஒன்றும் ஏறவில்லை போல என்று என் மனசு கரையும். அந்த வாரம் முழுக்க மெழுகு அக்காவுக்கு என் டப்பாவிலிருந்து ஒரு பங்கு போகும். பாலிஷ் அண்ணனோ என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிடுவார். வாங்குவதே கொஞ்சம், அதிலும் நமக்குக் கொடுக்கிறாரே, என்ன தங்கமான மனுஷன் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது என் மகள் கதைக்கு வருகிறேன். என் வேலைக்கே படித்து, இந்த வருடம் முடித்தாள். வெளியூர் லேப்களுக்கு விண்ணப்பம் போடப்போகிறேன் என்றாள். எதுக்குடி, எங்கோ ஒரு ஹாஸ்டலில் கிடந்து கஷ்டப்படுவானேன் என்று நான்தான் தடுத்தேன். முதலாளியிடம் சொன்னதும் அவர் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. உன் பொண்ணு என் பொண்ணு மாதிரி, நாளைக்கே கூட்டிட்டு வா என்றார். என் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு நாற்காலிகூடப் போட்டாயிற்று.

மறுநாள் அவளைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். கதவு சாத்திக்கொண்டது. டீ போனது. கொஞ்ச நேரத்தில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் வயிற்றில் பிறந்தவள் இல்லையா, ஒரே நாளில் லேப் வழக்கத்தைக் கற்றுக்கொண்டுவிட்டாளே!

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த முகம் மாறவில்லை. நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வேன் ஓட்டிவிட்டு வந்து களைத்துப்போய் உட்கார்ந்திருந்த அவள் அப்பா, சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். முதலாளி சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், அம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாதாம், அதுதான் உறுத்துகிறது என்றாள்.

"சரி, சொல்லாத விடு," என்றேன். "புதுசா சேர்றவளுக்கு என்னத்தக் குடுத்துடப் போறாங்க? என் சம்பளத்துல பாதி குடுத்தாலே பெரிய விஷயம். வேலையக் கத்துக்கிட்டா தானா ஏறும்."

அவள் என்னையே பார்த்தாள். "உன் சம்பளம் எவ்ளோம்மா?"

வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் சொல்லாததை அன்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். "பதினெட்டாயிரம்."

அவ்வளவுதான், பொலபொலவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். "எனக்கு இருபத்திரண்டு சொன்னாரும்மா."

கத்தி அப்படியே காய்மேல் நின்றுவிட்டது. வீட்டுக்காரர் டிவியை அணைத்தார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியைக் காட்டினாள். வேலை என்ன, எத்தனை வருட அனுபவம், எந்த ஊர் என்று போட்டால், பொதுவாக என்ன சம்பளம் கிடைக்கும் என்று சொல்லும் பக்கம் அது. நம் ஊர், அனுபவம் இல்லை என்று போட்டால் இருபத்திரண்டு. முதலாளியும் அதைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார். நம் ஊர், பதினான்கு வருடம் என்று போட்டால் நாற்பது. பக்கத்துப் பெரிய நகரத்துக்கு அதைவிட மேலே. பதினெட்டு மட்டும் எப்படிப் போட்டாலும் வரவில்லை. அனுபவத்தைப் பூஜ்யத்துக்குக் கீழே இறக்க அதில் வழி இல்லை.

"நான் அங்க சேரலம்மா," என்றாள். "நீ சொல்லிக் குடுப்ப, நான் உன்னவிட அதிகமா வாங்குவேன். எந்த முகத்த வெச்சுக்கிட்டு உன் பக்கத்துல உக்காருவேன்?" பெரிய நகரத்தில் அனுபவசாலி ஒருத்தர், புதியவர் ஒருத்தர் வேண்டும் என்று ஒரு லேப் கேட்டிருந்ததையும் காட்டினாள். ஒரே ஒரு நாள் பொறு என்றேன். 

மறுநாள் டீ நேரத்தில், மேடை ஓரமாக மூவரும் நின்றிருந்தபோது, என் சம்பளத்தைச் சத்தமாகச் சொன்னேன். சொன்னபோது துணியில்லாமல் நிற்பது மாதிரிதான் இருந்தது. மகளுக்குச் சொன்ன தொகையையும் சொன்னேன்.

பாலிஷ் அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். அவருக்குப் பதினேழாம். இருபத்தோரு வருடமாக, தான்தான் அதிகம் வாங்குகிறோம் என்று கூச்சப்பட்டுக்கொண்டு எங்கள் டீக்குக் காசு கொடுத்திருக்கிறார். மெழுகு அக்காவுக்கும் பதினெட்டு.

"அடிப்பாவி, உனக்குப் பத்துகூட இருக்காதுன்னுல்ல நெனச்சேன்," என்றாள் அவள். "பாவப்பட்டவ குடுக்கறாளே, வேணாம்னா மனசு கஷ்டப்படுவான்னுதான் உன் டப்பாவுல இருந்து சாப்ட்டேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒருத்தருக்கொருத்தர் பாவம் பார்த்துப் பார்த்தே மூன்று பேரும் ஏமாந்திருக்கிறோம். அந்த ஆள் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து இதை வருடக்கணக்காக வேடிக்கை பார்த்திருக்கிறார். எனக்குத் தாடையே வலிக்கும் அளவுக்குப் பல்லைக் கடித்தேன்.

எங்கள் தலைகள் ஒன்றுகூடியதைப் பார்த்துவிட்டார் போல. என்னை மட்டும் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். டீக்குச் சொல்லி அனுப்பினார். விஷயத்தை நான் கேட்டதும் கொஞ்சமும் அசரவில்லை. புதிதாக ஆள் வேண்டுமென்றால் வெளியே என்ன விலையோ அதைக் கொடுத்துத்தானே ஆகவேண்டும் என்றார்.

"நீ வீட்டு ஆளு மாதிரிம்மா. உனக்கு எதுக்கு வெளி விலை? பதினாலு வருஷமா எங்கயும் போகாதவ, இனிமேலா போகப்போற?"

திட்டுவதுபோல் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்னைப் பாராட்டுவதுபோல் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் ஒழுங்காக வேலை பார்த்ததுதான் என் தப்பு. விட்டுப் போகக்கூடியவளுக்கு ஒரு விலை, உழைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு அதைவிடக் குறைந்த விலை. இது என்ன நியாயம்?

அவர் முன்னால் குனிந்தார். "சரி, விடு. உனக்கு மட்டும் முப்பது ஆக்கிடறேன். வெளிய மூச்சு விடாத."

பொய் சொல்ல மாட்டேன், முப்பது என்றதும் நெஞ்சு ஒரு தடவை குதித்தது. பதினெட்டில் குடும்பம் நடத்துகிறவளுக்கு முப்பது என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும். பிறகு கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பாலிஷ் அண்ணன் மோட்டாரை அணைத்துவிட்டு நின்றிருந்தார். மெழுகு அக்கா கையில் மெழுகு உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு நடுவில் என் மகளுக்குப் போட்ட நாற்காலி காலியாகக் கிடந்தது.

எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்தேன். அது தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. ஒரு கீழ்த்தாடை அச்சை எடுத்து அடியில் முட்டுக் கொடுத்தேன்.

"இப்பச் சொல்லுங்க சார். எவ்ளோன்னு சொன்னீங்க?"

முதலாளி என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.  என் மகள் நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காருவதா, இல்லை நானும் அவளும் சேர்ந்து வெளியூர் பஸ் ஏறுவதா என்பது அவர் பதிலில் இருந்தது. நான் நகரவில்லை.

வெளியிலிருந்து பாலிஷ் அண்ணன்தான் பேசினார்.

"பரவால்ல, சொல்லுங்க சார். நாங்க வயிறெரிய மாட்டோம்."