டீச்சருடைய ஆங்ஙள

ஜூன் மாதம் பள்ளி திறந்தால் முதல் வாரம் முழுவதும் மதர் பிலோமினாவின் அறை வாசலில் கூட்டம் இருக்கும். பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து கிழக்கே போகும் சாலையில், கோவை ஜில்லா எல்லைக்குச் சற்று முன்னால் இருந்தது அந்தக் கன்னியர் மடத்துப் பள்ளி. மலையாள வகுப்புகளோடு தமிழ் வகுப்புகளும் உண்டு. ஆனால் போர்டிங்கில் இடம் குறைவு. கத்தோலிக்கக் குழந்தைகளுக்குப் போக மிச்சமிருக்கும் இடத்துக்கு மதர் ஒவ்வொரு குடும்பத்தையும் நேரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டுத்தான் சேர்ப்பார். மதர் தெற்கே பாலாப் பக்கத்து மலையாளி. தமிழ் பாதி புரியும்; பேசினால் பாதி மலையாளமாக வரும். அதனால் தமிழ்க் குடியானவர்கள் வந்தால் தமிழ் வகுப்பு நாச்சம்மாளை அழைத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார்.

நாச்சம்மாள் பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். கோயமுத்தூரில் ஆசிரியப் பயிற்சி முடித்து, அந்த ஜூனில்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சேர்ந்த அன்றே மதர் விதிகளைச் சொல்லிவிட்டார். வெளிர் நிறச் சேலை. வகுப்பில் தலை நிறையப் பூ கூடாது. சினிமாக் கொட்டகைப் பக்கம் போகக் கூடாது. போர்டிங்கில் தங்கும் டீச்சர்களை அப்பாவும் உடன்பிறந்த ஆண்களும் மட்டும் வந்து பார்க்கலாம். அதுவும் ஞாயிறு மதியம், பார்லர் என்னும் வரவேற்பறையில், ஒரு சிஸ்டர் கூட இருக்கும்போது.

அந்த வாரத்தில் ஒரு நாள் மதரின் அறைக்குள் ஒரு சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு அர்த்தநாரி வந்து நின்றபோது நாச்சம்மாளுக்கு முகம் சிவந்துபோயிற்று. வருவான் என்று தெரியும். இன்றைக்கே என்று தெரியாது.

"குட்டியோட அப்பன் எவிடே?" என்று மதர் கேட்டார்.

"அவரு வால்பாறை எஸ்டேட்டுல கணக்கு எழுதறாருங்க. புள்ளைக்கு அம்மா இல்லீங்க, என்ற அக்கா, போன வருசம் தவறீட்டாங்க. நான் தாய்மாமனுங்க. முதலமடையில புதுசாக் காடு வாங்கியிருக்கறனுங்க" என்றான் அர்த்தநாரி. சிறுமி வள்ளியாத்தாள் மதரின் இடுப்பிலிருந்த ஜெபமாலையை எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர் அறியுமோ இவரை?"

"தெரியுங்க மதர். எங்க மாமன் மகனுங்க."

மதர் பிலோமினா ஒரு கணம் யோசித்தார். அவர் வீட்டில் அம்மாவின் அண்ணன் பிள்ளைகளும் கூடப்பிறந்தவர்கள்தான். அப்படித்தான் வளர்ந்தவர், அந்த முறையில் கல்யாணத்தைச் சபையும் அனுமதிக்காது. ஆகவே நிம்மதியாகத் தலையாட்டினார். "அப்போ டீச்சருடெ ஆங்ஙள."

ஆங்ஙள என்றால் மலையாளத்தில் உடன்பிறந்தவன். நாச்சம்மாளுக்கு அந்தச் சொல் அதுவரை காதில் விழுந்ததில்லை. 'டீச்சருடைய ஆம்பளை' என்றுதான் அவளுக்குக் கேட்டது. கட்டிக்கொள்ளப்போகிறவன் என்பதை முகத்தைப் பார்த்தே மதர் கண்டுபிடித்துவிட்டாரே என்று கூச்சமாக இருந்தது. சின்ன வயதிலேயே இரண்டு வீட்டிலும் பேசிவைத்தது. அவளுக்கும் மனசுக்குப் பிடித்தது. எதற்கு மறைக்க வேண்டும்? தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க மதர்" என்றாள்.

"நல்லது. ஞாயிறு வந்து குட்டியையும் டீச்சரையும் காணலாம்" என்று மதர் சொல்லிவிட்டார். வள்ளிக்குப் போர்டிங்கில் இடம் கிடைத்தது.

அதன் பிறகு அர்த்தநாரி ஞாயிறு தவறாமல் மாட்டுவண்டியில் வந்தான். கடலைக்காய், அச்சுவெல்லம், ஒரு தடவை உயிரோடு ஒரு சேவல். சேவலைச் சிஸ்டர் ரோசா சமையற்கட்டுக்கு அனுப்பிவைத்தாள். கதவு திறப்பது அவள் பொறுப்பு. பாலக்காட்டுப் பெண், தமிழ் நன்றாக வரும், வாயும் கொஞ்சம் நீளம்.

"டீச்சரே! ஆங்ஙள வந்நு!" என்று மாடி வரைக்கும் கேட்கக் கூவுவாள்.

"மெதுவாச் சொல்லுங்க சிஸ்டர். எல்லாருக்கும் கேக்குது."

"கேட்டா என்ன? வெக்கப்படறதுக்கு இதுல என்ன இருக்கு? எனக்கும்தான் நாலு பேரு இருக்காங்க."

நாச்சம்மாள் திகைத்துப் போனாள். கன்னியாஸ்திரிகள் மடத்துக்கு வருவதற்கு முன் என்னென்னவோ நடந்திருக்கும், நமக்கென்ன என்று விட்டுவிட்டாள்.

பார்லரில் சிஸ்டர் ரோசா மூலையில் தையலோடு உட்கார்ந்திருப்பாள். வள்ளி நடுவில் உட்கார்ந்து கடலைக்காய் உரிப்பாள். அவர்கள் இருவரும் மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசுவார்கள். விதியைத் தனக்காக மதர் தளர்த்தியிருக்கிறார் என்ற நன்றியில் நாச்சம்மாள் இன்னும் கருத்தாக வேலை செய்தாள். மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாமல் வந்த பிள்ளைகள் பொங்கலுக்குள் பாடம் படித்தார்கள்.

தை மாதம் நிச்சயம் முடிந்தது. மாசியில் முகூர்த்தம். மறுவாரம் ஒரு வியாழக்கிழமை அர்த்தநாரி சலவை வேட்டி கட்டி, தட்டில் தேங்காய், வெற்றிலை பாக்கு, கற்கண்டு வைத்து மதரின் அறைக்குள் வந்து நின்றான்.

"மாசியில கல்யாணமுங்க. பெரியவங்க நீங்க அவசியம் வரோணும்."

"ஓ, கல்யாணமோ!" மதருக்குச் சந்தோஷம். "பெண்குட்டி எவிடத்தே?"

"இங்கதானுங்க இருக்குது. உங்க டீச்சர்தானுங்க."

மதர் எழுந்துவிட்டார். "ஈசோயே! சொந்தம் பெங்ஙளையோ?"

கூடப்பிறந்தவளையா என்று அவர் கேட்டது அர்த்தநாரிக்கு விளங்கவில்லை. தேங்காய் அழுகலோ என்று திருப்பிப் பார்த்தான். மதர் மணியடித்தார். சிஸ்டர் ரோசா ஓடினாள். வகுப்பில் பெருக்கல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நாச்சம்மாள் சாக்பீஸ் கையோடு வந்து நின்றாள்.

மதர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பாதி மலையாளமாக அவர் சொன்னது இதுதான்: "டீச்சர், இவர் ஆங்ஙள என்று நீ சொன்னாய். அந்த வார்த்தையை நம்பித்தான் குட்டியைச் சேர்த்தேன். இவரை உள்ளே விட்டேன். இப்போது கல்யாணம் என்கிறார். பொய் சொன்ன டீச்சரை நான் வைத்துக்கொள்ள முடியாது. இன்றே பெட்டியைக் கட்டலாம். குட்டியையும் கூட்டிக்கொண்டு போகட்டும்."

"நான் பொய் சொல்லலீங்க மதர்! நீங்கதானே கேட்டீங்க, ஆம்பளையான்னு. நான் ஆமான்னு சொன்னேன்."

"ஞானோ?" என்று மதர் தன்னையே சுட்டிக் கேட்டார்.

வாசலில் நின்ற சிஸ்டர் ரோசா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. "மதர்... டீச்சருக்கு ஆங்ஙளயும் ஆம்பளையும் ஒண்ணாக் கேட்டிருக்கு." இரண்டு சொல்லையும் தனித்தனியாகச் சொல்லி, மதருக்கு மலையாளத்திலும் நாச்சம்மாளுக்குத் தமிழிலும் விளக்கினாள். சொல்லி முடித்த பிறகுதான் தன் நாலு அண்ணன்மார் ஞாபகம் வந்தது போலும், "ஐயோ, மாதாவே!" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள்.

நாச்சம்மாளுக்கு முகமெல்லாம் எரிந்தது. "அண்ணன்னா சொன்னீங்க? மாமன் மகனையா? எங்க ஊருல காதுல கேட்டாலே அடிச்சுப்போடுவாங்க மதர்."

"எங்கள் ஊரில் கட்டிக்கொண்டால் அடிப்பார்கள்" என்றார் மதர்.

அர்த்தநாரி சிரித்துவிட்டான். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திக்கொண்டான்.

மதர் உட்கார்ந்தார். "உங்கள் முறை உங்களுக்கு. நீங்கள் எங்கள் சபை இல்லை. நான் கேட்பது வேறு. அப்பாவும் ஆங்ஙளமாரும் மட்டும் என்பது விதி. உனக்கு அது தெரியும். கல்யாணம் பேசியவன் ஞாயிறுதோறும் வர நான் விட்டதாக நினைத்தாயே, ஏன் என்று தோன்றவில்லையா?"

நாச்சம்மாள் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தாள். "தோணுச்சுங்க. எனக்காக விட்டிருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டேன். கேட்டா நிறுத்திப்போடுவீங்களோன்னு கேக்கல. கேட்டிருக்கோணும். அது என் தப்புதானுங்க."

மதரின் குரல் கொஞ்சம் இறங்கியது. "குட்டி இருக்கட்டும். தாய்மாமன் என்று சொன்னதில் பொய்யில்லை. ஆனால் கல்யாணம் வரைக்கும் இவர் இந்தக் கேட்டைத் தாண்டக் கூடாது. இவருடைய அம்மா வந்து குட்டியைப் பார்க்கட்டும். பரீட்சை நேரத்தில் என் டீச்சரைத் தர முடியாது. பள்ளி மூடிய பிறகு கல்யாணம். கல்யாணமான டீச்சருக்குப் போர்டிங்கில் இடமில்லை. ஜூனிலிருந்து ஒன்பதரை மணிக்கு முன்னால் தினமும் இங்கே நிற்க வேண்டும். முடியுமானால் வேலை உண்டு."

நாச்சம்மாள் பதில் சொல்லுமுன் அர்த்தநாரி முந்திக்கொண்டான். "முகூர்த்தத்தை வைகாசிக்கு மாத்திக்கலாமுங்க. வேலை எதுக்குங்க? எங்கூட்டுலிருந்து ஏழு மைலு. உட்டுப்போடட்டும். இவ சம்பளம் வந்துதான் எங்கூட்டுல அடுப்பு எரியோணுமுங்களா?"

நல்ல மனசோடுதான் சொன்னான். அது நாச்சம்மாளுக்குத் தெரியும். ஆனால் பயிற்சிக்குப் போகத் தான் அப்பாவிடம் அழுது நின்றதும் நினைவுக்கு வந்தது. மேலே அவள் பாதியில் விட்டு வந்த வகுப்பு இரைந்துகொண்டிருந்தது.

"மச்சான், உங்களையா கேட்டாங்க?"

"இல்ல அம்மிணி, தெனமும் ஏழு மைலு..."

"தேங்காத்தட்டைத் தூக்கீட்டு வாரப்ப ஏழு மைலு தெரியலீங்களா?"

சிஸ்டர் ரோசா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"காத்தால காட்டுக்கு ஆளு உடறதா, உன்னையக் கொண்டாந்து உடறதா?"

"மொதல்ல என்னைய உட்டுட்டு அப்புறம் ஆளு உடுங்க."

"மழை புடிச்சா ஆத்துல எறங்க முடியாது."

"பாலத்துமேல சுத்தி வாங்க."

"அது ரொம்பத் தூரமாச்சே!"

"அப்ப இன்னும் நேரத்துல எந்திரிங்க." குரலைத் தாழ்த்தினாள். "நான் வேலையை உட மாட்டேனுங்க மச்சான். உங்களையும் உட மாட்டேன். ரெண்டையும் யோசிச்சுப் பாருங்க."

அர்த்தநாரி பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டான். மதருக்கு இந்த வேகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. "எந்தா பறயுந்நது?" என்றார்.

"ஒன்பதரைக்கு முன்னால ஞான் வரும், மதர்" என்றாள் நாச்சம்மாள்.

"நீ வருவாய், எனக்குத் தெரியும். வண்டி அவருடையது. அவர் சொல்லட்டும்."

எல்லோரும் அர்த்தநாரியைப் பார்த்தார்கள்.

"கொண்டாந்து உட்டுர்றனுங்க" என்றான் அவன்.

மதர் சிஸ்டர் ரோசாவிடம் திரும்பி, "சரியாகச் சொல்லு, என்ன சொன்னார்?" என்று கேட்டார். அவள் சொன்னாள். மதர் தட்டிலிருந்து ஒரு கற்கண்டு மட்டும் எடுத்துக்கொண்டு, "வகுப்புக்குப் போ டீச்சர். பிள்ளைகள் கூரையைப் பிரிக்கிறார்கள்" என்றார்.

நாச்சம்மாள் மாடிக்கு வந்து கரும்பலகை முன்னால் நின்றாள். வகுப்பு அடங்கியது. ஜன்னல் வழியே கேட் தெரிந்தது. அர்த்தநாரி வண்டியில் ஏறி மாடுகளைத் தட்டினான். வழக்கமாக அவன் தெற்கே திரும்பி ஆற்றுத் துறைக்குப் போவான். இன்று வண்டி வடக்கே திரும்பிற்று. பாலத்துச் சாலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பார்த்துக்கொள்ளத்தான் போகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. புளியமரங்களுக்குள் வண்டி மறையும்வரை பார்த்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பெருக்கல் கணக்கைத் தொடர்ந்தாள்.