தராசுக்கு நேரமில்லை

திரையில் கோடு மறுபடியும் தட்டையாகவே கிடந்தது. ஆராய்ச்சி மாணவி டீகன் நாற்காலியை இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். காலையிலிருந்து வந்த கோடுகள் எல்லாமே இப்படித்தான்.

சோப்பு மூலக்கூறுகள் ஒன்றுகூடினால் அந்தக் கோட்டில் ஒரு மேடு எழ வேண்டும். தண்ணீரில் என்றால் ஒரு சிட்டிகை போதும். எண்ணெய்ப் பசையுள்ள வால்களை உள்ளே மறைத்துக்கொண்டு உருண்டை உருண்டையாகச் சேர்ந்துவிடும். டீகன் எடுத்திருந்ததோ அயனித் திரவம், அறைச் சூட்டிலேயே உருகிக் கிடக்கும் ஓர் உப்பு. அதில் எவ்வளவு போட்டால் சேரும் என்பதுதான் அவள் ஆராய்ச்சியே. அந்த ஓர் எண் இல்லாவிட்டால் பட்டம் இல்லை. சிட்னிக்குத் தெற்கே இருக்கும் இந்த அணு உலையை அன்று மாலையே பராமரிப்புக்காக நிறுத்துகிறார்கள். கலவைக்குள் பாய்ந்து அந்தக் கோட்டை வரைவது உலையிலிருந்து வரும் நியூட்ரான் கற்றைதான்; அடுத்த முறை அது கிடைப்பதற்குள் அவளுடைய உதவித்தொகை முடிந்துவிடும்.

கருவியைப் பார்த்துக்கொள்ளும் கேலம், கையிலிருந்த கறி அடைத்த பேஸ்ட்ரியைக் கடித்தபடி எட்டிப் பார்த்தான். வந்ததிலிருந்து அவளைச் சீண்டுவதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு.

“ஷாம்பூ கம்பெனியில இருந்து வந்தவதானே நீ? தண்ணிக் கணக்கையே இங்கயும் போட்டிருப்ப.”

“அதைவிடப் பத்து மடங்கு போட்டிருக்கேன், கேலம்.”

“பத்தாது தாயே. தண்ணிக்கு அந்த வாலைக் கண்டாலே ஆகாது, விரட்டும். அதான் ஒண்ணாப் போய் ஒளிஞ்சுக்குது. இந்தத் திரவத்துக்குள்ளயே கொஞ்சம் எண்ணெய்ப் பசை இருக்கு, வாலை ஒண்ணும் சொல்லாது. விரட்ட ஆளில்லாதப்ப அது எதுக்குச் சேரணும்?”

டீகன் தலையில் அடித்துக்கொண்டாள். இதே விஷயத்தை அவளே ஆய்வறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தாள். எழுதும்போது இருக்கிற அறிவு கை வேலை செய்யும்போது எங்கேதான் போய்விடுகிறதோ.

இன்னும் ஒரே ஒரு அளவீட்டுக்குத்தான் நேரம் இருந்தது. திரவமும் ஒரு குப்பிதான் மிச்சம். பொடி கூடிப்போனால் எல்லாம் களியாக இறுகி அதுவும் வீணாகும். தயாரிப்பு அறைக்கு ஓடினாள். சோப்புப் பொடியைக் கரண்டி கரண்டியாக அள்ளிப் போட்டாள். சூடாக்கி, குலுக்கி, கரைந்து தெளிந்ததும் கண்ணாடிக் கலத்தில் ஊற்றிக்கொண்டு திரும்ப ஓடினாள்.

கற்றை திறந்தது. சர்ச் பக்கமே போகாதவள் யாரையோ வேண்டிக்கொண்டு நகத்தைக் கடித்தாள். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு புள்ளிகள் ஒவ்வொன்றாக மேலேறின. சந்தேகத்துக்கே இடமில்லாமல் ஒரு மேடு. டீகனுக்கு அழுகையே வந்துவிட்டது.

கேலம் கைதட்டிவிட்டுக் கணினியில் பதிவு செய்ய உட்கார்ந்தான்.

“சரி, எவ்வளவு போட்ட?”

டீகன் குறிப்பேட்டைத் திறந்தாள். அதில் எண் எதுவும் இல்லை. தயாரிப்பு அறைத் தராசு கண்முன் வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது அதன்மேல் போட்ட உறையை அவள் எடுக்கவே இல்லை, குப்பியிலிருந்த திரவத்தையும் அளக்கவில்லை. மிச்சப் பொடியை நிறுத்துக் கழிக்கலாம் என்றால், அள்ளிய அவசரத்தில் பாதி மேசையிலும் தரையிலும் சிந்திக் கிடந்தது.

“தெரியல,” என்றாள்.

கேலம் ஏதாவது கிண்டல் செய்வான் என்று காத்திருந்தாள். அவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.