இன்ஸ்பெக்டரின் காது

கான்ஸ்டபிளும் அவருடைய மோப்ப நாயும் சேர்ந்தே ஓய்வுபெற்றார்கள். நாயின் செல்லப்பெயர் இன்ஸ்பெக்டர். கஞ்சா வாசனை அடித்தால் சட்டென்று உட்கார்ந்து காட்டுவது அதன் உத்தியோகம், உட்கார்ந்தால் பிஸ்கட்.

இப்போது அதன் காதில் தோல் புற்றுநோய். கால்நடை டாக்டரம்மா, கஞ்சாச் சாற்றில் செய்த களிம்பைப் பரிசோதனையாகத் தடவிவந்தார். வந்தது வினை! குற்றவாளி தன் காதிலேயே குடியிருக்க, இன்ஸ்பெக்டர் நாலடிக்கு ஒருமுறை உட்கார்ந்தது. கான்ஸ்டபிள் பிஸ்கட் கொடுத்தே ஓய்ந்துபோனார்.

இன்று டாக்டரம்மா காதைப் புரட்டிப் பார்த்தார். "கட்டி பாதியாச் சுருங்கிடுச்சுங்க. இன்னும் பார்க்கணும், ஆனா நல்ல சேதிதான்!"

கான்ஸ்டபிளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இன்ஸ்பெக்டரோ டாக்டரம்மாவின் கையை மோந்துவிட்டு, அவர் எதிரே கம்பீரமாக உட்கார்ந்தது.

"தப்பா நினைக்காதீங்கம்மா," கண்ணைத் துடைத்தபடி சிரித்தார் கான்ஸ்டபிள். "உங்களைப் பிடிச்சு உள்ளே போடச் சொல்றாரு. மேலதிகாரி உத்தரவு!"