காய்ந்த தரை

அன்று அக்கா ஊற்றியது ஒரு வாளியா, இரண்டு வாளியா என்பதில் எனக்கு இப்போது உறுதியில்லை. என் மனைவி இரண்டு என்கிறாள். அவள் அங்கே வரவேயில்லை. கோபத்தில் பார்த்தது அப்படியே மனதில் நிற்கும் என்பார்கள். எனக்கு நிற்கவில்லை. கோபத்தோடு வெட்கமும் சேர்ந்துகொண்டதால் இருக்கலாம்.

அக்காவுக்கு இடது கால் விளங்காது. ஊன்றுகோல் வைத்து நடப்பாள். தரைத்தளத்தில் புது வீடு வாங்கியதே அவளுக்கென்று ஒரு குளியலறை வேண்டும் என்பதற்காகத்தான். யார் கையும் பிடிக்காமல் தானே குளிக்க வேண்டும். ஐம்பது வயதில் அவள் கேட்டது அவ்வளவுதான். குடிவந்த முதல் நாளே தண்ணீர் வடிகால் பக்கம் போகாமல் அவள் கட்டிலைத் தேடி வந்தது. தரையின் வாட்டம், தண்ணீர் ஓட வைக்கும் சரிவு, தலைகீழாக இருந்தது. இரண்டு முறை வழுக்கி விழுந்தாள். அதன்பிறகு என் மனைவி கை பிடித்துத்தான் குளியல். அந்த நேரத்தில் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

ஏழு மாதம். சைட் இன்ஜினியர் வருவார், குனிந்து பார்ப்பார், "ரெண்டே நாள் சார்" என்பார். அந்த இரண்டு நாள் எந்தக் காலண்டரிலும் வரவில்லை. பிறகு ஃபோன் எடுப்பதையும் நிறுத்திவிட்டார்.

ஒரு காலையில் அக்கா சொன்னாள்: "வாளி நிறையத் தண்ணி பிடிச்சு எடுத்துக்கிட்டு வாடா."

வளாகத்தின் வாசலில் பில்டரின் அலுவலகம். அதன் மாடியில், வாங்க வருபவர்களுக்குக் காட்டும் மாதிரி வீடு. பதினெட்டுப் படி. ஒவ்வொன்றிலும் நின்று மூச்சு வாங்கினாள். நான் கை நீட்டினேன், தட்டிவிட்டாள்.

மேலே மேனேஜர் ஓர் இளம் தம்பதிக்குக் குளியலறையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"தண்ணி ஊத்திப் பாத்தியாம்மா?" அக்கா அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

"இல்லையேங்க."

"மேடம், இது பாக்கறதுக்கு வெச்ச வீடு," என்றார் மேனேஜர்.

"எங்களுக்குக் குடுத்ததும் அப்படித்தான் இருக்கு. எப்ப சரி பண்ணுவீங்க?"

அவர் சிரித்தார். கீழே ஃபோன் செய்து எங்கள் வீட்டு ஃபைலை வரவழைத்தார். "குறை எதுவும் இல்லன்னு உங்க தம்பியே கையெழுத்துப் போட்டிருக்கார். இப்ப எங்க மேல பாய்ஞ்சா?"

இதை நான் அக்காவிடம் சொல்லியிருக்கவில்லை. வீட்டைப் பார்த்துக் கையெழுத்திட்ட அன்று வளாகத்துக்குத் தண்ணீர் இணைப்பே வந்திருக்கவில்லை. காய்ந்த தரை பளபளத்தது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காகிதத்தை நீட்டினார்கள். போட்டேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"படிச்சவன்னு நம்பி உன்ன அனுப்பினேன் பாரு, என்னச் செருப்பால அடிக்கணும்."

வாளியைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். தண்ணீர் ஒரு சொட்டுத் தேங்காமல், சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளைபோல் நேராக வடிகாலுக்குப் போனது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெரிஞ்சிருக்கு," என்றாள். "வாட்டம் வெக்க இவனுங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு."

அப்போது கீழே யாரோ அலறினார்கள். மாதிரி வீட்டு வடிகாலுக்கு அடியில் குழாயே வைக்கவில்லை. தண்ணீர் முழுவதும் மேனேஜரின் மேசையிலும் கம்ப்யூட்டரிலும் இறங்கியிருந்தது.

"வரக்கூடாத இடத்துக்குத் தண்ணி வந்தா எப்படி இருக்குன்னு போய்ப் பாருங்க," என்றாள் அக்கா.

இளம் கணவன் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டே கேட்டான்: "சார், எங்க வீட்டுக்காவது குழாய் உண்டா?"

மேனேஜர் அந்த ஃபோனையே பார்த்தார். அந்தப் படம்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். மறுநாள் கொத்தனார்கள் வந்தார்கள். ஒன்பது நாளில் தரையை உடைத்துச் சரிசெய்தார்கள்.

தம்பதி மறுபடி வரவில்லை. மேனேஜர் அங்கேயேதான் இருக்கிறார். மேசையை மட்டும் ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டார். எங்கள் வரிசையில் மற்ற நான்கு வீட்டாருக்கும் இன்னும் "ரெண்டே நாள்"தான். அக்கா உள்ளே தாழ் போட்டுக்கொண்டு தனியாகக் குளிக்கிறாள். அவளும் என் மனைவியும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். என்னிடம் பேச அக்காவுக்கு நான்கு மாதம் ஆயிற்று. அந்தக் கையெழுத்தைப் பற்றி மட்டும் இன்றுவரை நானும் அவளும் பேசவில்லை.