உறுப்பினர் அல்லாதவள்

நகராட்சியில் வழக்கு, தொழிலாளர் பேச்சுவார்த்தை என்று வந்துவிட்டால் கூட்டம் கதவைச் சாத்திக்கொண்டுதான் நடக்கும். பத்திரிகைக்காரர்கள் வெளியேறுவார்கள், டீ கொண்டுவருபவர் வெளியேறுவார், திரைச்சீலையும் இழுபடும். பிறகு தலைவர், இந்த விஷயத்தில் சொந்தபந்தம் உள்ள உறுப்பினர் யாராவது இருந்தால் எழுந்து போகலாம் என்பார். மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் சுருக்கெழுத்துக்காரியை யாரும் கேட்டதில்லை. மேசை நாற்காலியிடம் போய் யாராவது சொந்தபந்தம் விசாரிப்பார்களா?

அன்று எடுத்துக்கொண்டது அவள் அண்ணன் வழக்கை. குப்பை லாரி ஓட்டியவன். பிரேக் சரியில்லை, வண்டியை எடுக்க மாட்டேன் என்றதற்கு வேலையை விட்டே தூக்கிவிட்டார்கள். வேலையைத் திருப்பிக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போயிருந்தான். அவன் அவளுடைய அண்ணன் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. எழுந்து போயிருக்க வேண்டும். என்னதான் பேசப்போகிறார்கள் என்ற ஆசை அவளை நாற்காலியோடு கட்டிப்போட்டது.

திரை வழியே கசிந்த மஞ்சள் வெளிச்சத்தில் அந்த அறை குளத்தின் அடிபோல இருந்தது. முகங்கள் மெல்ல ஆடின. குரல்கள் எங்கோ தொலைவில் புறப்பட்டு, நனைந்து வந்து சேர்ந்தன. நகராட்சி வக்கீலின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"இந்த கேஸ்ல தோத்துடுவோம். அடுத்த வாய்தாவுக்கு அந்த டிரைவர் வந்து நின்னாலே போதும், வேலையைக் கொடுத்துத்தான் ஆகணும். நாளைக்கே எதையாவது கொடுத்து வாபஸ் வாங்க வச்சிடுங்க."

அவள் கை தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தது. உள்ளே பேசியதை வெளியே சொன்னால் வேலை போய்விடும். வீட்டில் இப்போது இருப்பதே அவள் ஒருத்தியின் சம்பளம்தான்.

வீடு திரும்பும் வழியில் கால் தரையில் பாவவில்லை. கடைகளும் பஸ்களும் சத்தமில்லாமல் நழுவிப்போயின. ஒவ்வொரு லாரியையும் அண்ணனே ஓட்டிக்கொண்டு போவதாகத் தோன்றியது. பைத்தியக்காரி, நடுத்தெருவில் கையை வேறு அசைத்தாள்.

வீட்டில் அண்ணன் துணி மடித்துக்கொண்டிருந்தான். ஆபீசிலிருந்து கூப்பிட்டார்களாம், நாளைக்கு வந்து கையெழுத்துப் போட்டால் ஒரு தொகை தருவார்களாம், வழக்கை விட்டுவிட வேண்டுமாம். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். தினமும் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆபீஸ் கதை முழுவதையும் கொட்டிவிடுகிறவள், அன்று வாயே திறக்காமல் ஒரு தலையணை உறையை எடுத்து மடித்தாள்.

"ஒண்ணும் சொல்லாதே. நான் தோக்கிறதா இருந்தா, பேசாம கையெழுத்துப் போட்டுட்டு வாண்ணான்னு இந்நேரம் என் உயிரை எடுத்திருப்பே."

அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அவனாகத்தான் கண்டுபிடித்தான். யார் என்ன குற்றம் சொல்ல முடியும்? காக்கிச் சட்டையில் அவன் வாசலில் இறங்கிப் போவதுகூட கண்ணில் தெரிந்தது.

"காலையில போட்டுட்டு வந்துடறேன்," என்றான் அண்ணன்.

"எதுக்கு? அதான் தெரிஞ்சுபோச்சே."

"தெரிஞ்சதனாலதான். நான் மாட்டேன்னா, உள்ளே இருந்தவங்கள்ல யார் சொன்னதுன்னு தோண்டுவாங்க. நாம ஒரே வீட்டுல இருக்கிறது எத்தனை நாள் மறையும்? நீ மட்டும் இன்னிக்கு அந்த ரூம்ல இல்லாம இருந்திருந்தா, நாளைக்கு முடியாதுன்னு சொல்லிட்டு வந்திருப்பேன்."

கோபமே இல்லாமல் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. உறையை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் அடுத்த துணியை எடுத்து உதறினான்.