கீரிக்குக் கட்டிய மணி

கொழும்பு கொட்டாஞ்சேனையில் கோழி வளர்ப்பவளுக்கு நரிப் பயம் இல்லை, கீரிப் பயம்தான். எங்கள் பின்மதிலுக்கு அப்பால் ஒரு பண்டசாலை வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. அதற்குள் கீரி குடும்பம் நடத்தியது. பட்டப்பகலில், நான் சோறு வடிக்கும் நேரம் பார்த்து, கழிவுநீர் ஓடும் கான் வழியாக முற்றத்துக்குள் வரும். கோழியின் கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டு அப்படியே போய்விடும். தின்பதற்குக் கொன்றாலாவது மனம் ஆறும்.

கம்பி வலை அடித்தோம், கீழால் தோண்டி வந்தது. கல் அடுக்கினோம், இடுக்கால் வந்தது. என் புருஷன் ஹெக்டருக்குத் துறைமுகத்தில் வேலை. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் நித்திரை. "கறிக்கு அறுத்துப்போட்டுக் கரைச்சலை முடி" என்பதுதான் அவர் கண்டுபிடித்த ஒரே வழி. முட்டைப் பொரியல் தின்னும்போது மட்டும் அந்தப் பேச்சு வராது.

அந்த நாட்களில்தான் என் தம்பி கிளெமென்ற் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி, திருகோணமலை வழியாக வந்து சேர்ந்தான். மத்திய வங்கியில் குண்டு வெடித்ததற்கு அடுத்த வருடம் அது. கனடாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் கூப்பிடும்வரை எங்கள் வீட்டில் இருக்க வேண்டும். வீட்டில் தங்குகிறான் என்று அவன் பெயரைப் பொலிஸில் பதிந்தோம். பதிந்த பிறகும் எனக்குப் பயம்தான். வடக்கிலிருந்து வந்தவன், முப்பது வயதுகூட ஆகவில்லை, சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. பக்கத்து ஒழுங்கையில் இரண்டு பெடியன்களைப் பிடித்துக்கொண்டு போய், எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தாய்மாருக்குத் தெரியாமல் இருந்தது. "வெளியில நிக்காத, ஜன்னலால எட்டிப் பாக்காத, கதைக்கிறதெண்டா மெல்லக் கதை" என்று தினமும் ஓதிக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ஆனால் அவன் கை சும்மா இருக்காது. சின்ன வயதில் ஐயாவின் ரேடியோவைக் கழற்றிப் பூட்டிவிட்டு, மிச்சம் வந்த ஆணிகளை எனக்குப் பரிசாகத் தந்தவன்.

அன்று சனிக்கிழமை. சந்தைக்குப் போய் மீனோடு வந்தேன். குசினிக்குள் காலை வைத்ததும் மேல் தட்டில் கண் போனது. நாலு பற்றறிகளைக் கறுப்பு ஒட்டு ரேப்பால் வரிந்து கட்டி வைத்திருந்தான். அதிலிருந்து இரண்டு வயர்கள் புறப்பட்டு, ஒரு கோலிங் பெல்லைத் தொட்டு, ஜன்னலால் இறங்கி, மண்ணுக்குள்ளால் போய்க் கோழிக்கூட்டடியில் இரண்டு தகரத் துண்டுகளில் முடிந்தன.

"கீரி அந்தத் தகரத்தில மிதிச்சா இஞ்ச மணி அடிக்கும் அக்கா," என்றான். முகமெல்லாம் சிரிப்பு. "நீங்கள் தடியோட ஓடினாக் காணும்."

கையிலிருந்த மீன் பை விழுந்துவிட்டது. பற்றறி, வயர், கறுப்பு ரேப். கொழும்பில் ஒரு தமிழ் வீட்டில் இந்த மூன்றும் ஒன்றாகக் கிடந்தால் பொலிஸ்காரன் கண்ணுக்கு அது குண்டு. கீரி, கோழி என்றால் எவன் நம்புவான்?

"எங்கயடா எடுத்தனி இதெல்லாம்?"

"சந்திக் கடையில. குவிச்சு வச்சிருக்கிறாங்கள் அக்கா! கேட்ட உடன தந்தவன்."

யாழ்ப்பாணத்தான் மட்டும் விடக்கூடிய பிழை அது. அங்கே பற்றறிக்கு வருடக்கணக்கில் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோவில் செய்தி கேட்டார்கள். செத்த பற்றறியை வெயிலில் காயவைத்து உயிர் கொடுத்தார்கள். அப்படி இருந்தவனுக்கு, கடையில் பகிரங்கமாக விற்கிற சாமான் ஆபத்தில்லாத சாமான். விற்கிறார்கள் என்றால் வைத்திருக்கலாம் என்று நினைத்துவிட்டான். பாவி.

"கழட்டடா!" என்று கத்தினேன். கத்திவிட்டு நானே வாயைப் பொத்திக்கொண்டேன்.

அந்த நேரம் பக்கத்து வீட்டு றஸ்மியா மதிலுக்கு மேலால் தலையை நீட்டினாள். "கொறற்றி அக்கா, ஜீப் வந்தீக்கி. முன் ஊட்டுலருந்து ஒவ்வொரு ஊடா பாத்துட்டு வாராங்க."

தட்டிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கினேன், வயர்கள் கழன்று வந்தன. பொட்டலத்தை அரிசி வாளிக்குள் புதைத்தேன். பெல்லையும் வயரையும் ஒளிக்க நேரமில்லை. வாசலில் சப்பாத்துச் சத்தம் கேட்டுவிட்டது.

"நீ வாயைத் திறக்காத. என்ன கேட்டாலும் நான் கதைக்கிறன்," என்றேன். அப்போதுதான் அவனுக்கும் விளங்கியது. வெளிறிப்போய்ச் சுவரோடு நின்றான்.

உள்ளே வந்த பொலிஸ் சார்ஜன் வயதானவர். கூடவே துவக்கோடு இரண்டு பேர். அடையாள அட்டைகளைப் பார்த்தார், பொலிஸ் பதிவைப் பார்த்தார், சரி என்றார். மாதாவே என்று நான் மூச்சு விடும்போது ஜன்னலில் வயர் அவர் கண்ணில் பட்டுவிட்டது. விரலால் தொட்டுக்கொண்டே முற்றம்வரை போனார். தகரத்தைக் குனிந்து பார்த்தார். திரும்பி வந்து இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

"முகட்டியாவுக்கு, மஹத்தயா," என்றேன். சிங்களத்தில் கீரிக்கு முகட்டியா என்றுதான் பெயர். கானையும் கழுத்துக் கடியையும் செத்த கோழிகளையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தேன்.

பற்றறி எங்கே என்றார். பொய் சொன்னால் வீட்டைக் கிளறுவார்கள். அரிசிக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தேன். ஏன் ஒளித்தாய் என்றார். "பயத்தில்," என்றேன். அது உண்மை என்பதாலோ என்னவோ அவர் முகம் கொஞ்சம் இளகியது. தன் வீட்டிலும் கோழி இருக்கிறது, கீரி பெரிய தொல்லைதான் என்றார். பிறகு, இதைச் செய்தது யார் என்று கேட்டார்.

"நான்தான்."

யோசிக்காமல் வந்த பொய். வயர் வேலை தெரிந்த யாழ்ப்பாணத்துப் பெடியனைவிட, பைத்தியக்காரக் கோழிக்காரி எவ்வளவோ மேல்.

"நீயா?" என்று சிரித்தார். "அப்படியென்றால் பூட்டிக் காட்டு, பார்ப்போம்." ஒரு பொலிஸ்காரனைக் கூட்டடிக்குப் போய்த் தகரத்தை மிதிக்கச் சொன்னார்.

வயர்களை எடுத்தேன். இரண்டு நுனியையும் பொட்டலத்தின் ஒரே பக்கத்தில் வைத்து அழுத்தினேன். மணி அடிக்கவில்லை. மாற்றிப் பிடித்தேன். அடிக்கவில்லை. சார்ஜன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் நின்றார். பழுதாய்ப் போய்விட்டது என்று நான் சொல்ல, பொம்பிளைக்கு எதற்கு இந்த வேலை என்று அவர் கேலி செய்துவிட்டுப் போயிருப்பார். நான் அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

கிளெமென்றுக்கு எங்கள் பேச்சில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. மணி அடித்தால்தான் கீரிக்கு என்று நம்புவார்கள், அக்காவுக்கோ அடிக்கவைக்கத் தெரியவில்லை. அவன் கண்டது அவ்வளவுதான்.

"அப்பிடியில்லை அக்கா. ஒண்டு இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம்," என்றான் மெல்ல. என் கையிலிருந்து வயரை வாங்கி, நுனியைப் பல்லால் சீவி, குனிந்துகூடப் பார்க்காமல் பூட்டினான்.

மணி அடித்தது. கோழிகள் எல்லாம் பதறிக் கொக்கரித்தன. கிளெமென்ற் கூட்டைக் காட்டி, கையைக் கீரிபோல ஓடவிட்டுக் காட்டி, சார்ஜனைச் சிரிக்கவைக்கப் பார்த்தான்.

அவருடைய சிரிப்பு போய்விட்டது. தம்பியின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, செருப்பைப் போட்டுக்கொள்," என்றார் சிங்களத்தில். கிளெமென்ற் விளங்காமல் என் முகத்தைப் பார்த்தான். அதை அவனுக்குத் தமிழில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.